மீட்பு வண்டி

தொப்பூர்க் கணவாயில்
விழுந்ததைத் தூக்குவது என் பிழைப்பு.
கிரேனின் நெற்றியில் மஞ்சள் பெயின்ட்:
மீட்பு வண்டி, இருபத்துநாலு மணி நேரமும்.
கீழே என் செல்நம்பர்.

ஜெபக்கூடத்தில் முதல் ஞாயிறு
"நம் மீட்பர்" என்று பாஸ்டர் தொடங்கியதும்
சட்டென நிமிர்ந்துவிட்டேன்,
யாரோ வேலைக்குக் கூப்பிட்ட மாதிரி.
நல்லவேளை, எல்லாரும் கண் மூடியிருந்தார்கள்.

எனக்குத்தான் மூட வரவில்லை.
பதினெட்டு வருஷம்
விறைத்து இழுபடும் இரும்பு வடத்தை
இமைக்காமல் பார்த்தே பழகிய கண்.
அறுந்த வடம் ஆள் பார்த்து அடிக்காது.
கண்ணை மூடிக்கொண்டு
முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவது
நியூட்ரலில் இறக்கம் இறங்குவது போலிருந்தது.

பக்கத்தில் லேயாள் அக்கா,
பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிப்பவர்,
வெளியூர் மகனுக்குப் போன் போட்டது போல் பேசுவார்.
சுகர் மாத்திரை தீர்ந்ததைச் சொல்வார்,
பெய்த மழைக்கு நன்றி சொல்வார்,
நடுவில் கொஞ்சம் திட்டவும் செய்வார்.
எனக்கோ
"அய்யா, நான் வேடியப்பன்"
அதற்குமேல் நகரவில்லை.
குலசாமி பேரை வைத்துக்கொண்டு
இங்கே பேசலாமா என்று கேட்டேன்.
"பேரு கெடக்கட்டும், நீங்க பேசுங்க" என்றார் பாஸ்டர்.

இங்கே என்ன குறைச்சல், அங்கே ஏன் போகிறாய்
என்கிறாள் மாதம்மா.
இரட்டைப் பாலத்தடி மார்பிள் லாரியை
அவளிடம் நான் சொன்னதில்லை.
இடுப்புவரை கேபினில் நசுங்கியிருந்தவர்
என் விரலைப் பிடித்துக்கொண்டு
"ஜெபம் பண்ணத் தெரியுமாண்ணே?" என்றார்.
தெரியாது.
"கட்டிங் மிஷின் வருது, தோ வந்துடுச்சு, தோ வருது"
இதையே நாற்பது நிமிஷம் சொன்னேன்.
ஆம்புலன்ஸ் கதவு சாத்தியதோடு சரி.
பிழைத்தாரா, தெரியாது.
ஊர் பேர்கூடக் கேட்கவில்லை.
சோப்புப் போட்டு ரத்தம் போனது, கிரீஸ் போனது,
கேள்வி மட்டும் விரலிடுக்கில் நின்றுவிட்டது.

ஒரே ஒரு ஜெபம் மனப்பாடம்,
டோல்கேட் ரசீதின் முதுகில் எழுதி வைத்துப் படித்தது.
பாதிவரை நன்றாகப் போகும்.
இன்றைய சோற்றைக் கேட்கும் இடம் வந்தால்
நாக்கு கட்டிக்கொள்ளும்.
என் சோறு எப்படி வேகிறது என்று
மேலே இருப்பவருக்குத் தெரியாதா?
எவனோ ஒருவன் பிரேக்கை மிதிக்க
அது பிடிக்காமல் பலகைவரை போனால்தான்
என் வீட்டு உலை கொதிக்கும்.
போன மாசம் விபத்து குறைவு.
மகளுக்குப் பாலிடெக்னிக் பீஸ் பாக்கி.

பாஸ்டரிடம் சொன்னேன். நல்ல மனுஷன்,
பதில் தெரிந்த மாதிரி நடிக்கவில்லை.
வெகுநேரம் கழித்து
"அந்த வரியிலயே நில்லுங்க" என்றார்,
"என்ன ஆகுதுன்னு எனக்கும் சொல்லுங்க."

நிற்கிறேன்.
ராத்திரி ரெண்டு மணி, கணவாய் மேடு.
பின்சீட்டில் ஹெல்பர் முனிராஜ் குறட்டை.
இறங்கும் விளக்குகளைப் பார்க்கிறேன்,
கண் திறந்தபடியே.
ராஜஸ்தான் நம்பர், மெதுவாப் போ.
பதினாலு சக்கரம், கியரைப் போடுடா, டீசல் மிச்சம் பிடிக்காத.
வெங்காய லோடு, தூங்கிடாத.
பால் வண்டி, நீயும்தான்.
ஒவ்வொன்றோடும் பாலம் தாண்டும்வரை போய்விட்டு
அடுத்ததற்குத் திரும்பி வருகிறேன்.
இது ஜெபம்தானா, தெரியாது.
என் வயிற்றுக்கு எதிராக
நானே சாட்சி சொல்கிறேன் என்பது தெரிகிறது.

விடிந்தது. ஒரு மிஸ்டுகால்கூட இல்லை.
டீக்குக் கடன் சொன்னேன்.
"நேத்து ஒண்ணும் மாட்டலையா?"
"ஒண்ணுமே இல்லீங்க" என்றேன்,
இந்த ஊர்த் தண்ணீர் கறையேற்றிய
அத்தனை பல்லும் தெரிய.

வெள்ளிக்கிழமை பீஸுக்குக் கடைசி நாள்.
அதையும் அவரிடம்தான் கேட்டாக வேண்டும்.
எப்படிக் கேட்பது என்றுதான்,
லேயாள் அக்கா மாதிரி
திட்டியே தொடங்கலாமா என்று பார்க்கிறேன்.